உணரா இழப்பு

மண்டபம் ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு, ஏழாம் கட்டில்.
நம்பம்மாள், நாற்பத்தாறு, சின்னப்பாலம்.
மூன்று நாளாய் வாந்தியும் வயிற்றுப்போக்கும்.
அட்டையின் நடுவில் ஒரு கோடு இழுக்கிறேன்.
இடப்பக்கம் உள்ளே போனது,
வலப்பக்கம் வெளியே வந்தது.

கையைப் பிடித்தால் நரம்பைக் காணோம்.
பாறை இடுக்கில் பாசி பறித்த விரல்கள்,
துணி சுற்றியும் அறுபட்டுத்
தழும்பின்மேல் தழும்பு.
புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டேன்.
கூடாரமாய் நின்றது,
விழுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டது.
"குத்திக்க தாயி, முள்ளு குத்தாத எடமாப் பாத்து"
என்று கண்ணை மூடிக்கொண்டாள்.
நான்காவது குத்தில்தான் சிவப்பு எட்டிப் பார்த்தது.

ரத்தப் பரிசோதனை இரவு பதினொன்றுக்கு வந்தது.
சோடியம் நூற்று இருபத்தாறு.
பொட்டாசியம் இரண்டு புள்ளி ஆறு.
"ஒங்க ஒடம்புல உப்பு கொறஞ்சு கெடக்கு" என்றேன்.
வறண்ட உதடு வெடிக்கச் சிரித்தாள்.
"முப்பது வருசமா முங்கி முங்கி
மூக்கால குடிச்ச உப்பெல்லாம்
எங்க போச்சாம்?"

டாக்டர் எழுதிய பொட்டாசியம்
பொறுமை கேட்கிற சரக்கு.
வேகமாய்ப் போனால் நெஞ்சை நிறுத்திவிடும்.
பாட்டிலில் கலந்து, தலைகீழாய்ப் புரட்டி,
சிவப்பு மையில் பேர் எழுதி ஒட்டிவிட்டு
பம்ப் இல்லாத வார்டில்
கடிகாரமும் கண்ணுமாய் நின்றேன்.
சொட்டு. சொட்டு.
கெண்டைக்கால் சுருட்டி இழுக்கிறது என்றாள்.
ஒரு கையால் நீவிவிட்டு
மறு கையால் நாடி பிடித்தேன்.
எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது.

மூச்சு வழி போவதையும் தோல் வழி போவதையும்
எந்தக் குவளையாலும் அளக்க முடியாது.
நர்சிங் பாடத்தில் அதற்கு
உணரா இழப்பு என்று பேர்.
உத்தேசமாய் எண்ணூறு என்று போடுவோம்,
காய்ச்சல் அடித்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்வோம்.

சாயங்காலம் சேர்க்கும்போது அழுதாள்,
கண்ணில் ஈரமில்லை.
இரண்டரை மணிக்குச் சுவர்ப்பக்கம் திரும்பி
மறுபடி அழுதாள்.
தலையணை உறை நனைந்திருந்தது.
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
"கண்ணீர் வருகிறது, முன்னேற்றம்" என்று குறித்தேன்.
எதற்கு அழுதாள் என்பதற்கு
அந்த அட்டையில் கட்டமில்லை.

நாலு மணிக்கு முந்நூறு மில்லி சிறுநீர்.
கள்ளத்தனமாய் ஒரு சந்தோஷம் எனக்கு.
பரீட்சையில் பாஸான பிள்ளையின் மார்க்கைப் போல
அழுத்தி எழுதினேன்.
பெட்பேனைக் கழுவ எடுத்தபோது கேட்டாள்:
"நீ ஒன்னுக்குப் போயி எம்புட்டு நேரமாச்சு?"
யோசித்துப் பார்த்தேன்.
நேற்றைய தேநீர்தான் ஞாபகம் வந்தது.

விடிந்ததும் உப்புப் போட்ட கஞ்சி.
நாலு வாய் குடித்துவிட்டுக் குறை சொன்னாள்,
கஞ்சிப்பாசி போட்டுக் காய்ச்சியிருந்தால்
இன்னும் நாலு வாய் இறங்கியிருக்குமாம்.
வாழைப்பழத்தைப் பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள்.
இன்னொன்று வாங்கிவந்து
எதிரே உட்கார்ந்து தின்ன வைத்தேன்.

மூன்றாம் நாள் சீட்டு எழுதியாயிற்று.
கையில் ஐந்து கரைசல் பொட்டலம்.
"ஒரு லிட்டர் தண்ணியில ஒன்னு.
காச்சி ஆற வச்ச தண்ணி.
கொறஞ்சாலும் தப்பு, கூடுனாலும் தப்பு."
"லிட்டருன்னா?"
அவர்கள் மணலில் ஊற்றுத் தோண்டி
சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புகிறவர்கள்.
கடலுக்குப் பத்தடி தள்ளி
நல்ல தண்ணீர் ஊறும் இடம்
அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அவள் மருமகள் பையில் ஒரு சிரட்டை கிடந்தது.
ஐம்பது மில்லி ஊசிக்குழாயால் நிரப்பிப் பார்த்தேன்.
நாலு தடவையில் விளிம்பு தொட்டது.
அப்படியானால் ஐந்து.
சீட்டின் பின்பக்கம்
ஐந்து சிரட்டை வரைந்தேன்,
பக்கத்தில் ஒரு பொட்டலம்.

தூரப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.
"இது கண்ணுள்ள மூடியா, கண்ணில்லாத மூடியா?
ரெண்டும் ஒரே அளவு கொள்ளாதே தாயி."

சிரட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
பேனாவை மறுபடி திறந்தேன்.